குள்ளன் நிற்கிறான்

அண்ணா போய் ஒரு வருஷமாகி, வருஷாப்திகம் முடிந்த மறுநாள் மத்தியானம், சாப்பாடானதும் அம்மா கூடத்தில் தலையணையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். கண்ணை மூடவில்லை. உத்தரத்தைப் பார்த்தபடியே என்னிடம், "அந்தச் சனியனைக் கொஞ்சம் போடேண்டி" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வரும், மற்றதெல்லாம் அதன் பின்னால் மெதுவாக வந்து சேரும். அம்மா சனியன் என்றது அண்ணாவின் வீடியோ கேமை. அவன் உயிரோடு இருந்தவரை அதற்கு அவள் வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. "இந்தச் சனியன் சத்தத்துல மனுஷி எப்படிக் கண்ணசர்றது" என்று திட்டிக்கொண்டே படுப்பாள், திட்டிக்கொண்டே தூங்கியும் போவாள்.

அண்ணா போன பிறகு அம்மா மத்தியானம் தூங்கவே இல்லை. இரவிலும் அரைத் தூக்கம்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையில் தலை சுற்றியது, தூக்கம் வரவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கே.கே. நகரில் இருந்து பஸ் பிடித்து வாரம் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போவேன். வருஷாப்திகத்துக்கு வந்தவள், அவளைத் தனியாக விட மனமில்லாமல் தங்கிவிட்டேன். இவள் தூங்கினால் போதும் என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

"சத்தம் கேட்டா தூக்கம் வந்துடும்னு தோணறது" என்றாள். அவள் எதையும் கேட்டுப் பழகாதவள். கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

அண்ணா கோயிலில் கோஷ்டியோடு பாசுரம் சொல்பவன். விடியுமுன் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு பஞ்சகச்சத்தோடு கிளம்பினால், உச்சிப்பொழுதுக்குத்தான் திரும்புவான். சாயங்காலம் மறுபடி போக வேண்டும். நடுவில் கிடைக்கிற மத்தியானம்தான் அவனுடையது. சாப்பிட்டுவிட்டு, குடுமியை முடிந்துகொண்டு, பழைய டிவி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடுவான். கல்யாணமான புதிதில் புகுந்த வீட்டில் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரே கேசட், ஒரே ஆட்டம். தோளில் மூட்டையோடு ஒரு குட்டி மனிதன் காட்டுக்குள் ஓடுவான். வழியில் பள்ளம் வரும், முள் வரும், தாண்ட வேண்டும். தாண்டும்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம். அம்மா அவனுக்குக் குள்ளன் என்று பெயர் வைத்திருந்தாள். "குள்ளன் தாண்டினது போறும், காபி ஆறறது" என்று குரல் கொடுப்பாள். அண்ணா ஐம்பதை நெருங்கிய பிறகும் அந்தக் குள்ளனை விடவில்லை. கல்யாணம் ஆகவில்லை. கோயில் கைங்கரியம் செய்கிறவனுக்குப் பெண் கொடுக்க இந்தக் காலத்தில் யார் வருகிறார்கள்? சில இடங்களில் ஜாதகம் கேட்டார்கள், வேலை என்ன என்று கேட்டதும் பேச்சு நின்றுபோனது. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒருநாள் காலை கோஷ்டி முடிந்து வந்து, மாரை அடைக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டான்.

அன்று அம்மா தன் கையால் டிவிமேல் அவனுடைய வேஷ்டி ஒன்றைப் போட்டு மூடினாள். பதின்மூன்று நாளைக்குத்தான் டிவி போடாமல் இருப்பார்கள். அம்மா வருஷம் முழுக்க எடுக்கவிடவில்லை. உள் அறையில் என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த புது டிவி இருக்கிறது, அதற்கும் அதே கதிதான்.

நான் முதலில் அந்தப் புது டிவியில்தான் முயன்றேன். மெலிசாக, சுவரில் மாட்டியது. வீடியோ கேமில் இருந்து வருகிறதோ ஆன்டெனா வயர் மாதிரி ஒற்றை வயர். புது டிவியில் அதைச் சொருக ஓர் ஓட்டை இருந்தது, சொருகினேன். திரை முழுக்க நீலமாகி, 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வந்தது. எப்படித் திருகினாலும் அதே நீலம். புது டிவிக்குத் தனக்குப் பிடிக்காத எதையும் காட்டத் தெரியாது போலிருக்கிறது. ஆகவே பழைய டிவியின் வேஷ்டியை எடுத்தேன். அதில் இன்னும் அவனுடைய வாசனை லேசாக இருந்தது. அம்மா கையை நீட்டினாள், மடித்துக் கொடுத்தேன், தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

கேமின் அடாப்டர் ஒரு வருஷத்தில் உயிரை விட்டிருந்தது. மறுநாள் காலை ஆற்றைத் தாண்டி மெயின் கார்ட் கேட் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியாக ஒருவர் உள்ளே போய்த் தேடிக் கொண்டுவந்தார்.

"இதெல்லாம் யாருக்கும்மா? மியூசியத்துலயா வெக்கப் போறீங்க?"

"எங்கம்மாவுக்கு."

"பாட்டி கேம் விளையாடுவாங்களா?"

"தூங்குவாங்க" என்றேன். அவர் அடாப்டரைத் துடைத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

பழைய டிவியை வழிக்குக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. பின்னால் வரும் ஆன்டெனா வயரைப் பிடுங்கி ஒரு சின்ன டப்பாவில் சொருக வேண்டும், கேம் வயரையும் அதே டப்பாவில் சொருக வேண்டும், டப்பாவில் இருந்து ஒரு வயர் டிவிக்கு. அண்ணா எல்லாவற்றையும் சொருகியபடியே விட்டிருந்தான். நான் ஊதித் துடைத்துத் திரும்பச் சொருகினேன். டிவியின் முன்பக்கம் ஒரு மூடி, அதைத் திறந்தால் வரிசையாகப் பல்சக்கரங்கள். ஒவ்வொன்றாக நகத்தால் உருட்டிப் படத்தைத் தேட வேண்டும். உருட்டினேன். புள்ளி புள்ளியாக வெள்ளை இரைச்சல். ஓரிடத்தில் ஏதோ ஒரு பச்சை வந்து போயிற்று. திரும்ப அங்கே வந்தேன். இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை உருட்டினேன். காடு வந்தது. பாட்டு வந்தது. குள்ளன் மூட்டையோடு நின்றான்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். "நீ விளையாடு. சும்மா நிக்க வெச்சா சரிப்படாது. குதிக்கற சத்தம் வரணும்" என்றாள்.

நான் பட்டனை அமுக்கினேன். குள்ளன் ஓடினான், முதல் பள்ளத்திலேயே விழுந்தான். மறுபடி ஓடினான், மறுபடி அதே பள்ளம். இது ஒரு பள்ளமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. எப்படியோ விழுந்தும் எழுந்தும் ஒரு பத்து 'டொய்ங்' ஆனபோது பின்னால் குறட்டை கேட்டது. அம்மா வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையைத் தலையணைக்கு அடியில் வேஷ்டிமேல் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குள்ளன் பள்ளத்தில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

அடுத்த சில நாட்கள் அப்படியே நல்லபடியாகப் போயின. மத்தியானம் ஆனதும் கேமைப் போடுவேன், அம்மா தூங்குவாள், நான் விழுவேன். அவள் எழுந்ததும் கேமையும் டிவியையும் சேர்த்து அணைத்துவிட்டுக் காபி போடப் போவேன். சாப்பாடு கொஞ்சம் இறங்கியது. என் வீட்டுக்காரரிடம் போனில், "இன்னும் ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

ஒருநாள் கேம் சூடாகிப் படம் அப்படியே உறைந்து நின்றது. டிவியை அணைக்காமல் கேமை மட்டும் அணைத்தேன், ஆறட்டும் என்று. காடு போய் வெள்ளை இரைச்சல் வந்தது. சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இரைச்சலுக்குள் குள்ளன் நின்றுகொண்டிருந்தான்.

நிறம் இல்லை. சாம்பலில் விரலால் கீறிய மாதிரி மங்கலாக, ஆட்டம் தொடங்கும் இடத்தில், மூட்டையோடு நின்றான். அசையவில்லை. நான் குனிந்து பார்த்தேன். கேமின் சிவப்பு விளக்கு எரியவில்லை. அடாப்டரையே சுவரில் இருந்து பிடுங்கினேன். அப்போதும் நின்றான். இரைச்சலுக்கு அடியில், எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி, அந்தப் பாட்டும் இருந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கணத்தில் முதுகு சில்லிட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

'டொய்ங்' நின்றதால் அம்மா விழித்துக்கொண்டாள். பார்த்தாள். நான் டிவி முன்னால் நின்று மறைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"நிக்கிறான் பாரு" என்றாள்.

"டிவி கோளாறும்மா. பழைய டிவி, அப்படித்தான்."

"நீ அணைச்சுட்டயே. அணைச்சப்புறமும் நிக்கிறானே."

டிவியை அணைத்தேன். அம்மா படுக்கவில்லை. கால்களை மடக்கிக்கொண்டு வெறும் திரையையே பார்த்தாள். அவளுக்கு மகன் வந்துவிட்டான் என்ற சந்தோஷம் வந்திருந்தால்கூட நான் பயந்திருக்க மாட்டேன். அவள் முகத்தில் வந்தது பயம்.

எங்களவர்களில் செத்தவர் ஆவியாக அலைவதில்லை. ஆசார்யன் திருவடி அடைந்தாயிற்று, பரமபதம் போயாயிற்று, அவ்வளவுதான். போனவன் திரும்புவதில்லை. திரும்பி நின்றால் அவன் போகவில்லை என்று அர்த்தம். அம்மாவுக்குப் பாசுரம் கேட்டுக் கேட்டு இதெல்லாம் ரத்தத்தில் ஊறியது.

"கர்மாவுல என்னமோ குறைஞ்சுபோயிடுத்து" என்றாள் சாயங்காலம், விளக்கு ஏற்றும்போது. அண்ணாவுக்குப் பிள்ளை இல்லையே, சித்தப்பா பிள்ளைதான் சென்னையில் இருந்து வந்து எல்லாம் செய்தான். "அவன் ரயிலுக்கு நேரமாச்சுன்னு அவசர அவசரமாப் பண்ணினான். நான் பார்த்துண்டேதான் இருந்தேன். சொந்தப் பிள்ளை பண்ணினா மாதிரி ஆகுமா? எம் பிள்ளை வழியில நிக்கிறான்டி."

"அம்மா, அவன் ஆயுசு பூரா பெருமாளுக்குப் பாசுரம் சொன்னவன். அவன் போகாம வேற யார் போவா?"

"போனவன் எதுக்கு நிக்கிறான்?"

மறுநாள் மத்தியானம் கேமைப் போட வேண்டாம் என்றாள், டிவியை மட்டும் போடச் சொன்னாள். முடியாது என்றேன். அவளே தட்டுத் தடுமாறி எழுந்து போட்டாள். முதலில் ஒன்றும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில், யாரோ எங்கோ ஸ்விட்சைப் போட்டது போல இரைச்சல் ஒருமுறை நடுங்கியது. குள்ளன் வந்து நின்றான். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு, "போடா கண்ணா, போயிடு. அம்மாவைப் பார்த்துண்டு நிக்காதே" என்று திரையிடம் சொன்னாள். எழுபத்தைந்து வயதில் ஒரு தாய் சொல்லக்கூடாத வார்த்தை அது. அன்று அவள் சாப்பிடவில்லை. காரியம் பண்ணிவைத்த வாத்யாருக்குச் சொல்லி அனுப்பு, திரும்ப எல்லாவற்றையும் செய்யணும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

பயம் எனக்கு ஒரு நாளைக்கு மேல் தாங்காது. அது கோபமாக மாறிவிட்டது. டிவியில் தெரிகிற எதுவும் வயர் வழியாகத்தானே வர வேண்டும்? அந்த இரைச்சல் நடுங்கினது வேறு என் மனதில் நின்றது. அடுத்த மத்தியானம் நானே டிவியைப் போட்டு, குள்ளன் வந்ததும் கேம் வயரைப் பிடுங்கினேன், அப்போதும் நின்றான். ஆன்டெனா வயரைப் பிடுங்கினேன். குள்ளன் போய்விட்டான். திரும்பச் சொருகினேன், வந்தான். எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மொட்டைமாடிக்கு ஏறினேன்.

எங்கள் தெருவில் வீடுகளுக்கு நடுவே சந்து கிடையாது. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அப்பாவும் அடுத்த வீட்டு மாமாவும் சிநேகமாக இருந்த காலத்தில், இரண்டு வீட்டுக்கும் பொதுவாகச் சுவர்மேல் ஒரு ஆன்டெனா கம்பம் நட்டார்கள். பிறகு பொதுச் சுவரில் ஈரம் இறங்கியதில் சண்டை. யார் வீட்டு மழைத்தண்ணீர் என்று கத்திக்கொண்டார்கள். மாமா தெருவில் நின்று, "நான் நியூஸ் பார்க்கறச்சே உங்காத்துக் கூத்து நடுவுல வரது" என்றுகூட என்னமோ சொன்னார். ஈரத்துக்கும் நியூஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் சிரித்தோம். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. இரண்டு வீட்டாரும் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள், கம்பத்தைத் தவிர. அதை வெட்டினால் வெட்டுகிறவன் வீட்டிலும் படம் போய்விடுமே. அப்புறம் கேபிள் வந்தது, டிஷ் வந்தது, கம்பத்தை எல்லாரும் மறந்தோம். அப்பாவும் மாமாவும் போய்ச் சேர்ந்தார்கள். அம்மா அந்த வீட்டைப் பார்த்துப் பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

கம்பம் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது. ஆன்டெனாவின் கைகள் பாதி உடைந்து போயிருந்தன. அதன் இடுப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. மேலே இருந்து ஒரு வயர் உள்ளே வந்தது, இரண்டு வயர் வெளியே போயின. ஒன்று எங்கள் வீட்டுக்குள் இறங்கியது. இன்னொன்று சுவரின் அந்தப் பக்கம் இறங்கியது.

மாமா அன்று தெருவில் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த வீட்டில் இப்போது இருப்பது மாமாவின் பெண் மட்டும். அண்ணாவைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையிலும் சாயங்காலமும் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பாள், தெருவில் டீச்சர் என்றால் அவள்தான். நான் கதவைத் தட்டினேன். திறந்தவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"வா. உள்ள வா" என்றாள்.

கூடத்தில் கரும்பலகை, சாக்பீஸ் தூசி, எங்களுடையது போலவே ஒரு பழைய டிவி. அதன் முன்னால் தரையில் ஒரு வீடியோ கேம். திரையில் குள்ளன் நின்றான். இங்கே நல்ல பச்சையும் சிவப்புமாக, பளிச்சென்று நின்றான்.

நான் சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன். அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா நியூஸ் போட்டா குள்ளன் வந்து நடுவுல ஓடுவான்" என்றாள். "அப்பா கத்துவார். எனக்குச் சிரிப்பா வரும். அப்பா தூங்கினப்புறம் நான் போட்டுப் பார்ப்பேன். உங்கண்ணா விளையாடறதெல்லாம் இங்க மங்கலாத் தெரியும். அப்புறம் நானும் அதே மாதிரி ஒண்ணு வாங்கினேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போட்டா நம்ம படம்தான் தெரியும், அடுத்தவா படம் தெரியாது. அதனால அவர் ஒரு ஆட்டம் ஆடிட்டு அணைப்பார், நான் ஒண்ணு ஆடுவேன். நான் அணைச்சா அவர்."

"அண்ணாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாமலா? நான் ஒரு இடத்துல விழுந்தா, அடுத்த ஆட்டத்துல அவர் அந்த இடத்துக்கு மெதுவா வந்து, திரும்பப் போய், ரெண்டு தரம் தாண்டிக் காட்டுவார்."

"பேசினதே இல்லையா?"

"பேசினா ரெண்டு ஆத்துலயும் ரகளை ஆகும். கோயில்ல கோஷ்டி போறச்சே ஓரமா நின்னு சேவிப்பேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்." டிவியைப் பார்த்துக்கொண்டு, "மத்தியானம் பார்த்துண்டா போறாதா?" என்றாள்.

எனக்குக் கேட்க எத்தனையோ இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டுக் கூடத்தில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அவன் தனியாக விளையாடுகிறான் என்றல்லவா நினைத்திருந்தோம். நான் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேனே.

"ஏன் குள்ளனை நிக்க வெக்கறேள்?"

"நான் வந்தாச்சுன்னு அர்த்தம். முதல்ல வரவா நிக்க வெப்போம். இந்த வருஷம் பூரா தினம் வெச்சேன். பழக்கம். வேற என்ன பண்றது அந்த நேரத்துல?" புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "அன்னிக்குத் திடீர்னு என் படம் ஒருதரம் நடுங்கித்து, உங்காத்துல போட்டா அப்படித்தான் ஆகும். நான் சட்டுனு என்னோடதை அணைச்சுட்டுப் பார்த்தேன். குள்ளன் ஓடினான்."

"நான்தான்" என்றேன்.

"தெரியும். முதல் பள்ளத்துலயே விழுந்தானே. அவர் அந்தப் பள்ளத்துல ஒருநாளும் விழுந்ததில்லை." அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். "ஆனா அந்தப் பள்ளம் வரவரைக்கும் ஓடினானே. அதுவரைக்கும் அவர் இல்லைன்னு எனக்குத் தெரியாது இல்லையா."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயரை, டப்பாவை, டீச்சரை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ அவன் நிக்கலை."

"இல்லைம்மா. நின்னது டீச்சர்."

"அவன் போயிட்டான்."

"போயிட்டான்."

"நல்லது" என்றாள். பெருமாள் படம் இருக்கும் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினாள். பிறகு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். காரியம் நடந்த நாட்களில்கூட அவள் அப்படி அழுததில்லை. அவன் நிற்கிறானே என்று பயந்தவள்தான், அவன் நிற்கவில்லை என்று தெரிந்து அழுதாள். இரண்டும் ஒரே மனசுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவன்" என்றாள்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"கத்தியிருப்பேன்" என்றாள். அம்மாவுக்கு மழுப்பத் தெரியாது. தலையணையைத் தட்டிக் கீழே போட்டுவிட்டு, "அவளை இங்க வரச் சொல்லு. அங்க தனியா எதுக்கு நின்னுண்டிருக்கணும்?" என்றாள்.

மறுநாள் மத்தியானம் டீச்சர் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியிலேயே தயங்கினாள். அம்மா படுத்தபடி தலையைத் தூக்கி, "வா" என்றாள். அப்பாவும் மாமாவும் சண்டை போட்ட நாளுக்குப் பிறகு அந்த வீட்டாரிடம் அம்மா சொன்ன முதல் வார்த்தை அதுதான். டீச்சர் வந்து, அண்ணா உட்காரும் இடத்துக்கு நேராக உட்காராமல், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். நான் கேமைப் போட்டுக் கொடுத்தேன்.

குள்ளன் ஓடினான். முதல் பள்ளத்தைக் காற்று மாதிரி தாண்டினான். முள்ளைத் தாண்டினான். ஒவ்வொரு 'டொய்ங்'கும் அதனதன் இடத்தில் வந்து விழுந்தது. அம்மாவின் மூச்சு நிதானமாகிக்கொண்டே போயிற்று. "இப்பதான் சரியா ஆடறான்" என்று தூக்கக் கலக்கத்தில் முனகினாள். அவள் தூங்கிவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. இங்கே குள்ளன் தாண்டும்போதெல்லாம் பொதுச் சுவரின் அந்தப் பக்கத்தில் இருந்தும் லேசாக ஒரு 'டொய்ங்'. இத்தனை வருஷத்தில் அந்தச் சுவர் வழியாக நாங்கள் எதையும் கேட்டதில்லை.

"உங்காத்து டிவியை அணைக்காம வந்துட்டேளா?" என்று மெல்லக் கேட்டேன்.

"வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன். கேமை மட்டும் அணைச்சுட்டு, சத்தத்தையும் கூட்டி வெச்சேன்."

"எதுக்கு? அங்கதான் யாரும் இல்லையே."

அவள் கையை நிறுத்தவில்லை. குள்ளன் ஒரு பள்ளத்தின் விளிம்புக்கு வந்து, தாண்டி, திரும்பிப் போய், மெதுவாக இன்னொரு தரம் தாண்டினான். சுவருக்கு அந்தப் பக்கமும் இரண்டு தரம் கேட்டது.

"இவ்வளவு நாள் அவர் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்" என்றாள். "இன்னிக்கு நான் இங்க வந்து உக்காந்துட்டேன். அவர் வந்தா அங்கதானே உக்காரணும்?"